முழுப் பேர்

"மவுத்தான ஆள்ட பேரச் செல்லுங்க உம்மா" என்றார் மரண அறிவித்தல் பேனர் அடிக்கிற கடைக்காரர்.

நான் வாயைத் திறந்தேன். மூடினேன். கலியாணம் கட்டின நாளில் இருந்து அந்தப் பேரை நான் சொன்னதே இல்லை. எங்கள் பக்கத்துப் பொம்பளைகள் புருசன் பேரைச் சொல்ல மாட்டார்கள். பிள்ளை பிறக்கும்வரை "இந்தாங்க." பிறந்த பிறகு "குமாரு அப்பா." கோயிலில் அர்ச்சனை செய்கிற ஐயர் பேர் கேட்டால்கூட பக்கத்தில் நிற்கிறவளை இடித்துச் சொல்ல வைப்போம். அன்றைக்குப் பக்கத்தில் இடிக்க ஆள் இல்லை.

"பெரியண்ணன்" என்றேன்.

"ஒங்கட நானாவா? சரி, அவர்ட பேரென்ன?" அவர்கள் பேச்சில் நானா என்றால் அண்ணன்.

"அதுதான் பேரு. பெரியண்ணன்."

"வெளங்குது உம்மா, ஒங்களுக்குப் பெரிய நானா. நான் பேரக் கேக்கிறன்."

"எனக்கு அவரு அண்ணன் இல்லப்பா, புருசன்!"

போட்டோ கொப்பி எடுக்க நின்ற இரண்டு பேர் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். புருசன் செத்த அன்றைக்கு, தலைகூட வாராமல் வத்தேகம கடைத்தெருவில் நின்று சத்தம் போடுகிற கிழவியை அவர்கள் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்கள்.

கடைக்காரர் ரியாஸ் கலகெதரப் பக்கத்து ஆள். வத்தேகமவுக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. பாவம், கம்பியூட்டரைத் தட்டிப் பார்த்தார். "ஆ, ஈக்குது. மகன் போன்ல அனுப்பி ஈக்கிறார். திரு. பெரியண்ணன். சமூக சேவையாளர். சரிதானே?"

"யாரு?"

"சமூக சேவையாளர்."

அந்த இடத்தில்தான் எனக்கு அழுகை நின்று கோபம் வந்தது.

நான் சொல்லி வருகிற இந்தப் பத்திரிகைத் தொடரில் இத்தனை வாரமாக சேவல் வந்தது, மாமியார் வந்தார், தோட்டத்து லயத்து வீடுகளுக்குள் புகுந்த பன்றிகூட வந்துவிட்டுப் போனது. என் மனுசனை மட்டும் வாசலிலேயே நிற்க வைத்திருந்தேன். நிற்பது அவருக்குப் பழக்கம் என்பதால் எனக்குக் கவலை இருக்கவில்லை. இந்த வாரம் உள்ளே கூப்பிடுகிறேன்.

மாப்பிள்ளை என்ன வேலை?

நான் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். வத்தேகமவில் இருந்து மேலே ஏறினால் வரும் மலை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே அறையில் எல்லா வகுப்பும் நடக்கும். மூன்றாம் வகுப்பு என்றால் மூன்றாவது வரிசை. நான் மூன்றாவது வரிசை வரைக்கும் போய், அங்கிருந்து கொழுந்துக் கூடைக்குப் போனேன்.

பெண் கேட்டு வந்த தரகர் எங்கள் அப்பாவிடம் சொன்னார்: "மாப்பிள்ள பட்டாளத்துல இருந்து வந்தவரு. இப்ப டவுன்ல கணக்கப்பிள்ளை."

அப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தார். "கணக்கப்பிள்ளைக்கு எங்க வீட்ல பொண்ணு இல்ல."

டவுனில் இருக்கிற வாசகர்களுக்கு இது விளங்காது. டவுனில் கணக்கப்பிள்ளை என்றால் கடையில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிற மனுசர். மலையில் கணக்கப்பிள்ளை என்றால் வேறு ஆள். தொப்பி போட்டு, கையில் தடியோடு, கொழுந்து பறிக்கிற எங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்கிறவர். அன்றைக்குக் கொழுந்து குறைந்தால் "இவளுக்கு அரைப் பேர்" என்பார். முழு நாள் வேலை செய்தவளுக்குப் பாதி நாள்தான் பதிவாகும். அதுதான் அரைப் பேர். எங்கள் அம்மா காய்ச்சலோடு மலை ஏறி, மழையில் நனைந்து, பொழுதுசாய அரைப் பேரோடு இறங்கி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

மாப்பிள்ளை வந்து வாசலில் நின்றார். உட்காரச் சொல்ல ஆள் இல்லை. உட்காரவும் இல்லை. தடி மாதிரி நேராக நின்றார். கதவு இடுக்கில் நின்று பார்த்த எனக்கு அந்த நிலை பயமாகத்தான் இருந்தது. தடியே நேரில் வந்த மாதிரி.

"நான் கொழுந்து நிறுக்கிற கணக்கப்பிள்ளை இல்லைங்க மாமா" என்றார். "ஆணி நிறுக்கிற கணக்கப்பிள்ளை. ஹாட்வெயார் கடையில."

"அங்க அரைப் பேர் போடுவியா?" என்று கேட்டார் அப்பா.

"ஆணிக்கு எதுக்குங்க பேரு?"

உள்ளே நான் சிரித்துவிட்டேன். அது வெளியே கேட்டுவிட்டது. சிரித்த பிறகு வேறு வீட்டுக்கு என்னைக் கட்டிக் கொடுக்க முடியாது என்று அம்மா முடிவெடுத்தார்.

ஆனால் லயத்தில் கணக்கப்பிள்ளை என்ற அந்தப் பேர் போகவில்லை. அவர் பேர் சொல்லாமல், ஆணி என்றும் சொல்லாமல், "கணக்கப்பிள்ளை பொஞ்சாதி வந்திருக்கா" என்பார்கள். நான் திருவிழாவுக்குப் போனால் கூட்டம் கொஞ்சம் விலகும். விலகின இடத்தில் வசதியாக உட்கார்ந்துகொள்வேன்.

பெரிய துரைக்குப் பெரிய அண்ணன்

பட்டாளம் அதற்கு முந்திய கதை. கலியாணத்துக்கு முன்னால், தியத்தலாவ குளிரில் பயிற்சி எடுத்து, அங்கும் இங்கும் போட்டு அடித்த காலம்.

அவர் வாயில் இருந்து வந்த பட்டாளக் கதைகளில் துப்பாக்கி வெடித்ததே இல்லை. ஒரு பெரிய வெள்ளத்தில் கூரையில் இருந்த ஒரு கிழவியையும் கிழவியின் ஆட்டையும் தூக்கி வந்தது ஒரு கதை. ஆடு வர மாட்டேன் என்றதாம், கிழவி ஆடு இல்லாமல் வர மாட்டேன் என்றதாம். இன்னொரு கதை, அவருடைய மேலதிகாரியைப் பற்றியது. அந்தச் சிங்கள துரை காலையில் ஆள் எண்ணும்போது, மைதானம் முழுக்கக் கேட்க, "பெரியண்ணன்!" என்று கூப்பிடுவாராம். வரிசையில் இருந்த இரண்டு தமிழ்ப் பொடியன்கள் சிரிப்பை அடக்க முடியாமல் தண்டனை வாங்குவார்களாம். தான் இவரைத் தினமும் பெரிய அண்ணன் என்று மரியாதையாகக் கூப்பிடுவது, கடைசிவரை துரைக்குத் தெரியாது.

பிறகு காலம் மாறியது. சிங்களத்தில் பரீட்சை எழுதினால்தான் சட்டைக் கையில் அடுத்த பட்டி, அதாவது பதவி உயர்வு, என்றார்கள். அவர் சிங்களம் பேசினால் சிங்களவரே தமிழ் ஆள் என்று சொல்ல மாட்டார். எழுதவும் தெரியும். "தெரியும், ஆனா எழுத மாட்டேன்" என்று சொல்லிவிட்டு பட்டாளத்து பூட்ஸ் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

சப்பாத்து வந்ததோடு பட்டாளமும் வந்துவிட்டது. வீட்டில் இருந்த எல்லாச் செருப்புக்கும் பாலிஷ் போடுவார். என் றப்பர் செருப்புக்கும் போட்டார். வழுக்கி விழுந்து இடுப்பு பிடித்துக்கொண்டது எனக்கு. சாரத்தை மடிப்புக் கலையாமல் தேய்த்து உடுத்துவார். காலையில் கடைக்குப் போகும்போது இடது காலை எடுத்து வைத்துத்தான் படி இறங்குவார். வலது கால் முதலில் போய்விட்டால் திரும்பி ஏறி வந்து மறுபடி இறங்குவார். "அப்பா எதையாச்சும் மறந்துட்டாரு" என்று பிள்ளைகள் நினைக்கும். மறந்தது காலைத்தான்.

கடைத்தெருச் சிங்களவர்கள் "ஹமுதா மாத்தயா" என்பார்கள், பட்டாளத்து ஐயா என்று. நம்மவர்கள் அதே தெருவில் கணக்கப்பிள்ளை என்பார்கள். மனுசன் இரண்டுக்கும் ஒரே மாதிரி தலை ஆட்டிக்கொண்டு போவார்.

சோதனைச் சாவடி

இதைச் சிரிக்காமல்தான் சொல்ல வேண்டும்.

சண்டைக் காலத்தில் எங்கள் மகன் குமாருக்குக் கொழும்பில் வேலை. ஒரு சோதனைச் சாவடியில் அவனைப் பிடித்து இரண்டு நாள் வைத்திருந்தார்கள். பேர் தமிழ்ப் பேர். அடையாள அட்டையில் மலைநாட்டு விலாசம். தங்குமிடம் கொழும்பு. அவ்வளவுதான் குற்றம். உள்ளே என்ன நடந்தது என்று அவன் இன்றைக்கு வரைக்கும் என்னிடம் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை. ஒரு காது அவனுக்கு அதற்குப் பிறகு சரியாகக் கேட்காது.

அவர் முதல் பஸ்ஸில் போனார், பட்டாளத்தில் கொடுத்த பழைய சான்றிதழைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு. வாசலில் நின்ற பொடியன் அதைப் பார்த்துவிட்டு, "அது வேற காலம் தாத்தே" என்று சிங்களத்தில் சொல்லித் திருப்பிக் கொடுத்தானாம். அப்பா என்று மரியாதையாகத்தான் சொன்னானாம்.

அவர் திரும்பி வரவில்லை. எதிரில் இருந்த மரத்தடியில் நின்றார். உட்காரவில்லை. வெயிலிலும் நின்றார், மழையிலும் நின்றார். வாசலில் காவல் ஆட்கள் மாறினார்கள், அவர் மாறவில்லை. கடைசியில் யாரோ ஒரு பெரியவர் ஜீப்பில் வந்து, இந்த ஆள் யார், ஏன் இப்படி நிற்கிறார் என்று கேட்ட பிறகுதான் மகனை வெளியே விட்டார்கள்.

அதற்குப் பிறகு வீட்டில் பட்டாளம் என்ற பேச்சு வந்தால் குமார் எழுந்து வெளியே போய்விடுவான். அப்பா மேல் கோபம் இல்லை. அந்தச் சொல் மேல்.

பிறகு அவன் வவுனியாவில் பெண் எடுத்தான். மருமகள் வதனி தங்கமான பிள்ளை. வதனியின் அம்மா, எங்கள் சம்பந்தி, கடைசி மகனைச் சண்டையில் பறிகொடுத்தவர். மாமனார் பட்டாளத்துக்காரர் என்ற விசயம் சம்பந்தி காதுக்குப் போகக் கூடாது என்று குமார் எங்களிடம் சத்தியம் வாங்கினான். அலுமாரிக்கு மேல் இருந்த போட்டோ, கண்டி ஸ்டூடியோவில் உடுப்போடு எடுத்தது, அலுமாரிக்குள் போனது.

அவர் சத்தியம் செய்தாரா என்று எனக்கு ஞாபகம் இல்லை. வழக்கம்போல தலை ஆட்டினார்.

மறுபடியும் பேனர் கடையில்

ரியாஸ் என் முகத்தைப் பார்த்து மகனுக்குப் போன் அடித்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. குமாரும் என் தம்பி மாரிமுத்துவும் இறங்கினார்கள். மாரிமுத்து இன்னும் தோட்டத்தில்தான் இருக்கிறான்.

"அம்மா! இங்க என்ன பண்றீங்க? சாவு வீட்டுப் பொம்பள கடத்தெருவுல நிக்கலாமா?"

"ஒங்கப்பாவ மருந்தேத்த மலர்ச்சாலைக்குக் கொண்டு போயிட்டாங்க. பெட்டியில வச்சு மத்தியானத்துக்கு மேலதான் கொண்டாருவாங்க. அதுவரைக்கும் வீட்ல ஒக்காந்து யாரப் பாத்து அழ?"

"சரி, வாங்க. வண்டியில ஏறுங்க."

"சமூக சேவையாளர்னா யாருடா?"

குமார் தரையைப் பார்த்தான். "எல்லாரும் அப்படித்தாம்மா போடுறாங்க."

"என்னடா சேவை செஞ்சாரு? கோயில் கமிட்டியில சண்ட போட்டு வெளிய வந்தாரு. பக்கத்து வீட்டு மாங்கா நம்ம பக்கம் விழுந்தா திருப்பி எறிவாரு. இந்தத் தெருவுல இருக்கிற நாய்க்கு ஒரு பிடி சோறு வச்சிருப்பாரா?"

"அக்கா, மெதுவா பேசு" என்றான் மாரிமுத்து. "என்ன வேணும்னாலும் போடு. கணக்கப்பிள்ளைன்னு மட்டும் போட்டுறாத. லயத்துல இருந்து தப்பு அடிக்க ஒருத்தனும் எறங்கி வரமாட்டான். நான் கூட்டியாறேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"பட்டாளம்னும் வேணாம்மா" என்றான் குமார். "வவுனியா அத்தை வேன்ல வந்துக்கிட்டு இருக்காங்க. அந்த மனுசி வாசல்ல வந்து எறங்குறப்போ அதையா காட்டுறது?"

"மனுசன் செஞ்சது ரெண்டே வேலை. ஒன்னச் சொன்னா மலை கோவிக்குது. இன்னொன்னச் சொன்னா வவுனியா கோவிக்குது. அப்ப தொண்ணூறு வருசமா என்னதான்டா பண்ணுனாரு? சும்மா இருந்தாரா?"

ரியாஸ் எனக்கு ஒரு கதிரை எடுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. அன்றைக்கு உட்காரத் தோன்றவில்லை.

குமார் குரலைத் தாழ்த்தினான். "அந்த வேலையால நமக்கு என்னம்மா கெடச்சிச்சு? ஒங்களுக்குத் தெரியும்தானே." அவன் கை தன்னாலே காதுக்குப் போனது.

அவன் சொன்னது பொய் இல்லை. நான் தோற்றுப் போய் ஆட்டோவில் ஏறியிருப்பேன். ஆனால் அந்தச் சாவடி மரம் கண்ணுக்குள் வந்தது.

"அந்த மரத்தடியில நின்னாரே, அது யாருடா?" என்று கேட்டேன். "சமூக சேவையாளரா? சமூக சேவையாளர்னா கால் வலிக்குதுன்னு ஒக்காந்திருப்பாரு. கணக்கப்பிள்ளைன்னா கணக்குப் பாத்துட்டு வீட்டுக்கு வந்திருப்பாரு. அப்படி நிக்க பட்டாளத்துக்காரனுக்குத்தான்டா தெரியும். ஒனக்காக நின்னத எடுத்துட்டு நீ என்னத்தப் போடப் போற?"

குமார் திரும்பி ரோட்டைப் பார்த்தான். தோள் ஆடியது. அப்பா செத்ததற்கு அவன் அப்போதுதான் அழுதான்.

"நீ கேட்டுக்க மாரிமுத்து" என்றேன். "நம்ம அம்மாவுக்கு மலையில அரைப் பேர் போட்டாங்க. எம் புருசனுக்கு நானே அரைப் பேர் போடவா?"

மாரிமுத்து தலையைச் சொறிந்தான். "தப்புக்காரங்ககிட்ட என்னக்கா சொல்றது?"

"முழுப் பேர் போட்டிருக்குன்னு சொல்லு."

ரியாஸ் விசைப்பலகையில் கை வைத்தார். "சரி உம்மா, செல்லுங்க. முன்னாள் இராணுவ வீரர் ண்டு போடுவமா?"

"வீரர் வேணாம்ப்பா. ஆடுதான் தூக்குனாரு. பட்டாளத்துக்காரர்னு போடு. அதுக்குக் கீழ கணக்கப்பிள்ளைன்னு போடு. ரெண்டும் ஒரே அளவு எழுத்து."

இடுப்பில் செருகி வைத்திருந்த ஸ்டூடியோ போட்டோவை எடுத்துக் கொடுத்தேன். அலுமாரிக்குள் போனதுதான், அன்றைக்குக் காலையிலேயே வெளியே வந்துவிட்டது.

சம்பந்தி

வெள்ளைக் கொடி கட்டின வாசலில் பேனர் தொங்கியது. உடுப்போடு, மீசையோடு, நேராக நின்றார். பொழுது சாய வேன் வந்தது. குமார் ஓடிப் போய் பேனருக்கு முன்னால் நின்றுகொண்டான். அவன் ஒல்லி. பேனர் பத்து அடி. அவன் மறைத்தது அப்பாவின் சப்பாத்தை மட்டும்தான்.

சம்பந்தி இறங்கி நின்று நிமிர்ந்து பார்த்தார். அடுத்த நொடி முகத்தைத் திருப்பிக்கொண்டார். தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்த கிழவர்கூட கேட்பதை நிறுத்தினார்.

"மருமோன், விலகுங்கோ. ஏன் வெயில் மறைக்கிற மாதிரி நிக்கிறியள்?" என்றார்.

"அத்தை... ஒங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். அப்பா..."

"அவர் சொன்னவர்."

"யாரு?"

"உங்கட அப்பாதான். வதனியைக் கேட்டு வந்த அண்டைக்கு நீங்கள் எல்லாரும் உள்ளுக்க சாப்பிட்டுக்கொண்டிருந்தனீங்கள். நான் கிணத்தடியில கோப்பை கழுவிக்கொண்டு நிண்டனான். வந்து நேரா நிண்டு, 'நான் பட்டாளத்துல இருந்தவன், தெரிஞ்சுகிட்டுப் பொண்ணு குடுங்க' எண்டார். நான் கன நாள் நித்திரை கொள்ளாம யோசிச்சுத்தான் ஓம் எண்டனான்."

குமார் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன். தலை ஆட்டினார் என்று மட்டும்தான் சொன்னேன், சத்தியம் செய்தார் என்று சொன்னேனா?

"நல்லது எண்டு சொல்ல மாட்டன்" என்றார் சம்பந்தி. "அந்த உடுப்பை என்னாலை பார்க்க ஏலாது. இண்டைக்கும் ஏலாது. நான் படத்தைப் பார்க்க வரேல்லை. ஆளைப் பார்க்க வந்தனான்."

பேனர் பக்கம் திரும்பாமல், சேலைத் தலைப்பைக் கன்னத்தோடு பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்தார். பேனரைக் கழற்றச் சொல்லி அவரும் கேட்கவில்லை. கழற்றட்டுமா என்று நானும் கேட்கவில்லை. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் ஆளுக்காக அழுதோம்.

தப்பு

மறுநாள் மலையில் இருந்து தப்புக்காரர்கள் வந்தார்கள். வாசலில் நின்று பேனரை எழுத்துக்கூட்டி வாசித்தார்கள். அதில் மூத்தவர் செல்லையா என்னோடு கொழுந்து எடுத்தவர். வாயைச் சும்மா வைத்திருக்க மாட்டார்.

"கணக்கப்பிள்ளைன்னு போட்டிருக்கே" என்றார். "அப்ப நாங்க பாதி அடி அடிக்கவா? நம்ம மொறைக்கு இந்த ஐயாவுக்கு அரைப் பேர் போட்டுருவோமா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சிரிக்கலாமா கூடாதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

"எங்கம்மாவுக்குப் போட்டதையும் சேத்து முழுப் பேர் போட்டு அடிங்க செல்லையாண்ணே" என்றேன்.

அடித்தார்கள். வத்தேகம கடைத்தெருவில் ஹாட்வெயார் கடைக்கு முன்னால் நின்று ஒரு அடி அடித்தார்கள், உள்ளே தகரம் எல்லாம் அதிர்ந்தது. அதற்கு முன், வீட்டில் பெட்டியைத் தூக்கும்போது குமார்தான் முன்னால் நின்றான். படியில் வலது காலை வைக்கப் போனான். நின்றான். இடது காலை எடுத்து வைத்து இறங்கினான்.

கருமாதி முடிந்து பேனரைக் கழற்றினோம். மடித்து அலுமாரிக்குள் வைக்கச் சொன்னான் மாரிமுத்து. அந்த அலுமாரிக்குள் அவர் ஏற்கெனவே போதுமான காலம் இருந்துவிட்டார். நான் அதைக் கொண்டுபோய் வாசல் பக்கத்து விறகின் மேல் மூடினேன். மழைக்கு நல்லது. எழுத்து இருக்கிற பக்கம் வெளியே. வருகிறவர்கள் வாசித்துவிட்டுத்தான் படி ஏற வேண்டும்.

காற்று தூக்கிவிடாமல் நாலு மூலைக்கும் கல் வைத்திருக்கிறேன். ஒரு எழுத்தின் மேலும் கல் படவில்லை.